கரப்பந்தாட்டம்: அன்றைய விதிகளும் இன்றைய விதிகளும்

க.பொ.த. (சாதாரண தரம்)
பாடம்: சுகாதாரமும் உடற்கல்வியும்
அலகு: குழு விளையாட்டுகள்



மண்டூரில் மாலை நான்கு மணிக்குப் பிறகு எந்த வெளியைப் பார்த்தாலும் ஒரு வலை கட்டப்பட்டிருக்கும். பெரும்போக அறுவடை முடிந்துவிட்டால் வட்டைக்குள்ளும் இரண்டு கம்பு நட்டு, உமிச்சாம்பலால் கோடு போட்டு, இருட்டும் வரை கரப்பந்து ஆடுவோம். எனவே கரப்பந்தாட்டம் உங்களுக்குப் புதிதல்ல. பரீட்சையில் இந்த அலகிலிருந்து வினா வந்தால் ஒரு புள்ளியும் தவறக்கூடாது. ஆனால் நடப்பது வேறு.

சென்ற தவணை நான் வைத்த பயிற்சிப் பரீட்சையில், வகுப்பிலேயே நன்றாகப் பந்து அறையும் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: "ஒரு செற்றுக்கு 15 புள்ளிகள். பணிக்கும் அணி மட்டுமே புள்ளி பெறும். பணித்த பந்து வலையில் முட்டினால் பிழை." மூன்றுக்கும் பிழை போட்டேன். "எங்கட ஊரில இப்படித்தானே சேர் விளையாடுற?" என்று கேட்டான்.

அவன் சொன்னது பொய்யல்ல. ஊரில் பெரியவர்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள். அவர்கள் ஆடுவது பழைய விதி. பரீட்சையில் கேட்பது இன்றைய விதி. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தெரியாததாலேயே அவன் புள்ளிகளை இழந்தான்.

நானும் இதே பிழையால் தோற்றவன். 2005-இல் வலய மட்டப் போட்டி ஒன்றுக்காகப் பாதையில் ஏறி குருமண்வெளிப் பக்கம் போனோம். இறுதிச் செற்றில் எதிரணி பணித்த பந்து வலையின் மேல்விளிம்பில் உரசி எங்கள் பக்கம் விழுந்தது. பிழை என்று நினைத்து நாங்கள் ஆறு பேரும் கையைத் தொங்கவிட்டு நின்றோம். நடுவர் எதிரணிக்குப் புள்ளி கொடுத்தார். வாக்குவாதப்பட்டோம், பயனில்லை. விதி மாறிச் சில ஆண்டுகள் ஆகியும் அது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது பாதையில் ஒருவரும் கதைக்கவில்லை.

அந்த நிலை உங்களுக்கு மைதானத்திலும் வரக்கூடாது, பரீட்சை மண்டபத்திலும் வரக்கூடாது. ஆகவே இந்தப் பாடத்தில் விதிகளை மனனம் செய்யப் போவதில்லை. ஒவ்வொரு விதியும் முதலில் எப்படி இருந்தது, ஏன் மாறியது, இப்போது எப்படி இருக்கின்றது என்று வரிசையாகப் பார்ப்போம். காரணம் தெரிந்த விதி மறக்காது.

1. கரப்பந்தாட்டத்தின் தோற்றம்

1895-ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஹோலியோக் நகரில், வை.எம்.சி.ஏ. நிறுவனத்தின் உடற்கல்விப் பணிப்பாளராக இருந்த வில்லியம் ஜீ. மோர்கன் என்பவரே இவ்விளையாட்டை உருவாக்கினார்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1891-இல், அருகிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியிருந்தார். அது இளைஞர்களுக்குப் பொருந்தியது. ஆனால் மோர்கனிடம் பயிற்சிக்கு வந்தவர்களுள் நடுத்தர வயது வர்த்தகர்கள் பலர் இருந்தனர். ஓடி, மோதி, இடித்து விளையாடும் கூடைப்பந்து அவர்களுக்குக் கடினமாக இருந்தது. உடலுக்குப் பயிற்சியும் வேண்டும், மோதலும் இருக்கக்கூடாது. இதற்கு மோர்கன் கண்ட வழி, இரு அணிகளையும் ஒரு வலையால் பிரித்துவிடுவதாகும்.

டெனிஸ் வலையை எடுத்து, சராசரி மனிதனின் தலைக்குச் சற்று மேலே இருக்கும்படி 6 அடி 6 அங்குல (1.98 மீற்றர்) உயரத்தில் கட்டினார். விளையாட்டுக்கு 'மின்ரனெற்' என்று பெயரிட்டார்.

1896-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் அணிக்கு ஐவர் வீதம் இவ்விளையாட்டை ஆடிக் காட்டினர். பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் அல்பிரட் ஹோல்ஸ்டெட், பந்து நிலத்தில் விழாமல் வலைக்கு மேலாக அங்குமிங்கும் அடிக்கப்படுவதால் 'வொலிபோல்' என்ற பெயரே பொருத்தமானது என்றார். மோர்கனும் ஏற்றுக்கொண்டார்.

நினைவில் கொள்க: உருவாக்கியவர் மோர்கன். இன்றைய பெயரை முன்மொழிந்தவர் ஹோல்ஸ்டெட். கூடைப்பந்தை உருவாக்கியவர் நெய்ஸ்மித். இம்மூன்று பெயர்களையும் மாற்றி எழுதுவோர் பலர்.

2. மோர்கனின் முதல் விதிகள்

இன்று நாம் மோர்கனின் மண்டபத்துக்குள் நுழைந்தால், அங்கு நடப்பது கரப்பந்து என்று அடையாளம் காண்பதே சிரமம். அவ்விதிகளுள் முக்கியமானவை இவை:

• ஆடுகளம் 50 அடி நீளமும் 25 அடி அகலமும் உடையது (ஏறத்தாழ 15.2 மீற்றர் × 7.6 மீற்றர்).

• வீரர் எண்ணிக்கைக்கு வரையறை இல்லை. வந்தவர்கள் எல்லோரும் இரு பக்கமாகப் பிரிந்து ஆடலாம்.

• ஒரு போட்டி ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. ஒவ்வொரு இன்னிங்சிலும் இரு அணிகளும் முறைவைத்துப் பணிக்கும்.

• ஓர் அணி பந்தை எத்தனை தடவையும் தொடலாம்.

• ஒரு வீரர் பந்தைக் கையால் தட்டித் தட்டி மேலே எழுப்பியபடியே முன்னேறலாம். வலையிலிருந்து 4 அடி தூரத்தில் போடப்பட்ட கோடு வரை மட்டுமே அதற்கு அனுமதி.

• பணிப்பவர் ஒரு காலைப் பின்கோட்டில் வைத்து நிற்க வேண்டும். டெனிஸ் போல, முதல் தடவை தவறினால் இரண்டாம் வாய்ப்பு உண்டு.

• பணித்த பந்து வலையைத் தாண்டாது என்று தெரிந்தால், அதே அணியைச் சேர்ந்த இன்னொருவர் இடையில் தட்டி அப்பால் அனுப்பலாம்.

• பணிக்கும் அணி மட்டுமே புள்ளி பெறும்.

ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் இருபது பேர் நின்று, விரும்பியபடி தட்டிக்கொண்டிருந்தால் பந்து எப்போது அடுத்த பக்கம் வரும்? பொழுதுபோக்குக்கு இது போதும். போட்டிக்குப் போதாது. விளையாட்டு பரவப் பரவ, ஒவ்வொரு குறையும் தெரியவந்தது. ஒவ்வொரு குறைக்கும் ஒரு விதி வந்தது.

3. ஆடும் முறையில் ஏற்பட்ட மாற்றங்கள்

(அ) வீரர் எண்ணிக்கையும் சுழற்சியும்

வரையறை இல்லாதபோது ஆசிய நாடுகளில் பெரிய அணிகள் ஆடின. 1913-இல் மணிலாவில் நடைபெற்ற தூர கிழக்குப் போட்டிகளில் அணிக்கு 16 பேர் ஆடினர். பின்னர் ஆசியாவில் 9 பேர் ஆட்டம் நிலைபெற்றது. ஜப்பானில் இன்றும் 9 பேர் ஆடும் கரப்பந்து உண்டு.

அமெரிக்காவில் 1912-இல் சுழற்சி முறை விதியானது. 1918-இல் அணிக்கு ஆறு பேர் என நிச்சயிக்கப்பட்டது.

சுழற்சி ஏன் தேவைப்பட்டது? சுழற்சி இல்லாவிட்டால் நன்றாகப் பணிப்பவரே எப்போதும் பணிப்பார். உயரமானவரே எப்போதும் வலையருகே நிற்பார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பணிக்கும் உரிமையை எதிரணியிடமிருந்து பெறும்போது ஆறு வீரரும் மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும் என்ற விதியால், எல்லோரும் எல்லாத் திறன்களையும் பழக வேண்டியதாயிற்று.

(ஆ) மூன்று தொடுகைகள்

1920-களின் தொடக்கத்தில் ஓர் அணி அதிகபட்சம் மூன்று தடவைகளே பந்தைத் தொடலாம் என்ற விதி வந்தது. கரப்பந்தை இன்றைய கரப்பந்தாக்கிய விதி இதுவே எனலாம். மூன்றே வாய்ப்பு என்றதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வந்துவிட்டது: முதலாவது பெறுதல், இரண்டாவது உயர்த்துதல், மூன்றாவது அறைதல். நீங்கள் பாடத்தில் படிக்கும் திறன்களின் ஒழுங்கு இந்த விதியிலிருந்தே பிறந்தது.

(இ) அறைதலும் தடுத்தலும்

மோர்கனின் விளையாட்டில் அறைதல் இருக்கவில்லை. ஒருவர் பந்தை உயரமாக எழுப்பிக் கொடுக்க, இன்னொருவர் பாய்ந்து கீழ்நோக்கி அறையும் முறை 1916 அளவில் பிலிப்பைன்ஸ் நாட்டில் வளர்ந்தது. அமெரிக்கரிடம் கற்ற விளையாட்டுக்கு ஆசியர் கொடுத்த கொடை இது.

வலை 1.98 மீற்றரில் இருந்தால் அறையும் அணிக்கு எதிராக ஒன்றும் செய்ய முடியாது. வலையின் உயரம் படிப்படியாகக் கூட்டப்பட்டது. இன்று ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். சிறிய வயதுப் பிரிவுகளுக்கு உயரம் குறைக்கப்படும்.

அறைதலுக்கு எதிராகத் தடுத்தல் வளர்ந்தது. முன்பு தடுக்கும்போது கையில் படுவதும் மூன்று தொடுகைகளில் ஒன்றாகக் கணக்கிடப்பட்டது. அதாவது தடுத்த அணிக்கு எஞ்சியது இரண்டு தொடுகைகளே. 1970-களின் நடுப்பகுதியில் இது மாற்றப்பட்டது. இன்று தடுத்தலில் பட்டது கணக்கில் சேராது. அதன் பின்னரும் மூன்று தொடுகைகள் உண்டு. தடுத்தவரே அடுத்த தொடுகையையும் செய்யலாம்.

1984-இல் எதிரணி பணித்த பந்தை நேராகத் தடுப்பதும் வலையருகே அறைவதும் தடைசெய்யப்பட்டன.

4. புள்ளிக் கணக்கு: கூடுதலாகப் பிழைவிடும் பகுதி

புள்ளிக் கணக்கு மாறிய ஒழுங்கு இது:

1895: ஒன்பது இன்னிங்ஸ்
1900 அளவில்: 21 புள்ளிகள்
1917: 15 புள்ளிகள்
1988: ஐந்தாம் செற்றில் மட்டும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி
1998-இல் முடிவாகி, அதன் பின்னர் எங்கும்: எல்லாச் செற்றுகளிலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, முதல் நான்கு செற்றுகளுக்கு 25, ஐந்தாம் செற்றுக்கு 15

பழைய முறையில் பணிக்கும் அணி வென்றால் மட்டுமே புள்ளி. எதிரணி வென்றால் அதற்குப் பணிக்கும் உரிமை மட்டும் கிடைக்கும். புதிய முறையில் யார் பணித்தாலும் பந்தை வென்றவருக்குப் புள்ளி. பணித்தவர் தோற்றால், வென்ற அணிக்குப் புள்ளியும் கிடைக்கும், பணிக்கும் உரிமையும் கிடைக்கும்.

உதாரணமொன்றைப் பார்ப்போம். வாவி அணியும் வட்டை அணியும் மோதுகின்றன. முதலில் பணிப்பது வாவி அணி.

1ஆம் பந்து: பணித்தது வாவி, வென்றது வாவி. பழைய முறை 1–0. புதிய முறை 1–0.
2ஆம் பந்து: பணித்தது வாவி, வென்றது வட்டை. பழைய முறை 1–0. புதிய முறை 1–1.
3ஆம் பந்து: பணித்தது வட்டை, வென்றது வட்டை. பழைய முறை 1–1. புதிய முறை 1–2.
4ஆம் பந்து: பணித்தது வட்டை, வென்றது வாவி. பழைய முறை 1–1. புதிய முறை 2–2.
5ஆம் பந்து: பணித்தது வாவி, வென்றது வாவி. பழைய முறை 2–1. புதிய முறை 3–2.
6ஆம் பந்து: பணித்தது வாவி, வென்றது வட்டை. பழைய முறை 2–1. புதிய முறை 3–3.

ஆறு பந்துகளில் இரு அணிகளும் மூன்று மூன்றாக வென்றன. புதிய முறை அதை 3–3 என்று காட்டுகின்றது. பழைய முறையில் வாவி அணி முன்னிலையில் நிற்கின்றது. அதுமட்டுமல்ல, ஆறு பந்துகளுக்கு மூன்று புள்ளிகளே பதிவாகியுள்ளன. பணிக்கும் அணி ஒவ்வொரு தடவையும் தோற்றுக்கொண்டே இருந்தால் இருபது பந்துகள் ஆடிய பின்னும் கணக்கு 0–0 ஆகவே இருக்கும்.

இதனால் ஒரு போட்டி ஒரு மணித்தியாலத்தில் முடியுமா, மூன்று மணித்தியாலம் போகுமா என்று எவராலும் சொல்ல முடியாதிருந்தது. தொலைக்காட்சியில் ஒளிபரப்புவோருக்கு இது பெரும் சிக்கல். புதிய முறையில் 25–23 என்று முடிந்த செற்றில் சரியாக 48 பந்துகளே ஆடப்பட்டிருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். 25 எடுத்தால் மட்டும் போதாது; இரண்டு புள்ளிகள் முன்னிலை வேண்டும். 24–24 ஆனால் 26–24, 27–25 என இரண்டு வித்தியாசம் வரும்வரை ஆட்டம் தொடரும். ஐந்தாம் செற்றுக்கும் இது பொருந்தும்.

5. 1990-களிலும் அதன் பின்னரும் வந்த மாற்றங்கள்

• பணிக்கும் பகுதி: முன்பு பின்கோட்டின் வலப்பக்கத்தில் 3 மீற்றர் அகலமான இடத்திலிருந்தே பணிக்க வேண்டும். 1994 முதல் பின்கோட்டின் முழு 9 மீற்றர் அகலத்தில் எங்கிருந்தும் பணிக்கலாம்.

• உடலின் எப்பகுதியாலும் பந்தைத் தொடலாம்: முன்பு காலில் பட்டால் பிழை. இப்போது காலால் உதைத்தும் பந்தைக் காப்பாற்றலாம்.

• லிபரோ: 1998-இல் அறிமுகமானார். வேறு நிறச் சீருடை அணிந்து, பின்வரிசையில் மட்டும் ஆடும் பாதுகாப்பு வீரர். தடுக்கக்கூடாது, வலையின் மேல்விளிம்பை விட உயரத்திலுள்ள பந்தை எதிரணிப் பக்கம் தாக்கக்கூடாது. உயரத்தில் குறைந்தாலும் வேகமும் நிதானமும் உள்ளவருக்கு இவ்விளையாட்டில் இடம் பெற்றுக்கொடுத்த விதி இது.

• வலையில் பட்ட பணிப்பு: 2000-களின் தொடக்கத்தில் மாறியது. பணித்த பந்து வலையைத் தொட்டு எதிரணிப் பக்கம் சென்றால் ஆட்டம் தொடரும். நிலத்தில் விழுந்தால் பணித்த அணிக்குப் புள்ளி. பாதையில் நாங்கள் பேசாமல் திரும்பி வந்தது இந்த விதியால்தான்.

6. உபகரணங்கள்

பந்து: மோர்கன் முதலில் கூடைப்பந்தின் உள்ளே இருக்கும் இறப்பர்ப் பையை மட்டும் எடுத்துப் பார்த்தார். அது இலேசாகவும் மிக மெதுவாகவும் மிதந்தது. முழுக் கூடைப்பந்தைக் கொண்டு ஆடிப் பார்த்தார். அது பாரம் கூடி, கையை நோகச் செய்தது. பின்னர் ஸ்போல்டிங் நிறுவனத்தார் புதிய பந்தொன்றைச் செய்து கொடுத்தனர். உள்ளே இறப்பர்ப் பை, வெளியே தோல். சுற்றளவு 25 முதல் 27 அங்குலம் (63.5–68.6 செ.மீ.), நிறை 9 முதல் 12 அவுன்ஸ் (ஏறத்தாழ 255–340 கிராம்).

இன்றைய பந்தின் சுற்றளவு 65–67 செ.மீ., நிறை 260–280 கிராம். பாருங்கள், பந்து மிகக் குறைவாகவே மாறியுள்ளது. அனுமதிக்கப்படும் வித்தியாசம் மட்டும் சுருங்கியுள்ளது. நீண்ட காலம் வெள்ளையாக இருந்த பந்து 1998-இல் நிறம் பெற்றது. வேகமாக வரும் பந்தைப் பார்வையாளரும் தொலைக்காட்சியில் காண்போரும் தெளிவாகப் பின்தொடர அது உதவியது.

வலை: மோர்கனின் வலை 2 அடி அகலம், 27 அடி நீளம். இன்றைய வலை 1 மீற்றர் அகலம், 9.5 முதல் 10 மீற்றர் நீளம்.

அன்ரனா: ஆரம்பத்தில் இருக்கவில்லை. பந்து ஆடுகளத்தின் பக்கக்கோட்டுக்கு உள்ளே வலையைக் கடந்ததா, வெளியே கடந்ததா என்று நடுவர் தீர்மானிக்க முடியாதிருந்ததால் பின்னர் பொருத்தப்பட்டது. நீளம் 1.80 மீற்றர். அதில் 80 செ.மீ. வலைக்கு மேலே நிற்கும். பந்து அன்ரனாவில் பட்டால் பிழை.

ஆடுகளம்: இன்று 18 மீற்றர் × 9 மீற்றர். நடுக்கோட்டிலிருந்து 3 மீற்றரில் தாக்குதற் கோடு. கோடுகளின் அகலம் 5 செ.மீ. கோட்டில் விழுந்த பந்து உள்ளே விழுந்ததாகவே கொள்ளப்படும்.

7. ஓர் ஒப்பீடு: பேஸ்போல்

விதிகள் மாறுவது கரப்பந்துக்கு மட்டும் உரியதல்ல. நம் நாட்டு எல்லே விளையாட்டை ஆடியவர்களுக்கு அமெரிக்காவின் பேஸ்போல் எளிதில் விளங்கும். இரண்டிலும் பந்தைத் தடியால் அடித்துவிட்டு ஓட வேண்டும். கரப்பந்தின் முதல் விதியிலிருந்த 'ஒன்பது இன்னிங்ஸ்' என்பது இந்தப் பேஸ்போலை நினைவுபடுத்துவது.

1845-இல் நியூயோர்க்கில் எழுதப்பட்ட நிக்கர்பொக்கர் கழக விதிகளின்படி முதலில் 21 ஓட்டங்கள் பெறும் அணி வெல்லும். 1857-இல் அது ஒன்பது இன்னிங்ஸ் ஆக மாறியது. கரப்பந்து இதற்கு எதிர்த்திசையில் சென்றது என்பதைக் கவனியுங்கள்: அது ஒன்பது இன்னிங்சில் தொடங்கி 21 புள்ளிகளுக்கு மாறியது.

அக்காலத்தில் பந்தெறிபவர் கையைத் தாழ்த்தியே எறிய வேண்டும். தோளுக்கு மேலாக எறிய 1884-இல்தான் தடை நீங்கியது. பந்து ஒரு தடவை நிலத்தில் குத்தி எழும்போது பிடித்தாலும் அடித்தவர் ஆட்டமிழப்பார். இவ்விதி 1860-களின் நடுப்பகுதி வரை இருந்தது. தனக்குப் பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று அடிப்பவரே கேட்கும் உரிமை 1887 வரை இருந்தது. கையுறை இல்லாமல் வெறுங்கையால் பந்து பிடித்தார்கள். 1877-இல் அல்பர்ட் ஸ்போல்டிங் என்ற புகழ்பெற்ற வீரர் கையுறை அணியத் தொடங்கியபின் அது பரவியது. கரப்பந்துக்கு முதற்பந்து செய்த நிறுவனத்தைத் தொடங்கியவரும் இந்த ஸ்போல்டிங்தான்.

இரு விளையாட்டுகளிலும் மாற்றங்களுக்கு அடிப்படையான காரணங்கள் ஒன்றே: இரு தரப்புக்கும் சமவாய்ப்பு, வீரரின் பாதுகாப்பு, ஆட்டத்தின் வேகம், பார்வையாளரின் ஈடுபாடு. "விதிகள் மாற்றப்படுவதற்கான காரணங்களைத் தருக" என்று கேட்டால் இந்நான்கையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் கொடுங்கள்.

8. இலங்கையில் கரப்பந்தாட்டம்

1916-இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. நிறுவனத்தின் உடற்கல்விப் பணிப்பாளர் றொபேட் வோல்ட்டர் கமக் இவ்விளையாட்டை இலங்கைக்கு அறிமுகப்படுத்தினார். அந்த ஆண்டைச் சற்றுக் கவனியுங்கள். ஆறு பேர் என்ற விதி 1918-இல் வந்தது. மூன்று தொடுகை விதி 1920-களில் வந்தது. எனவே நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த விளையாட்டு இன்றைய கரப்பந்து அல்ல. அதன் பின்னர் வந்த ஒவ்வொரு மாற்றமும் கொழும்பிலிருந்து ஊர் ஊராகப் பயணம் செய்து வந்தது. போர்க்காலத்தில் வாவியைக் கடப்பதே பெரும்பாடாக இருந்த படுவான்கரைக்கு அது பிந்தி வந்ததில் வியப்பில்லை.

1947: சர்வதேச கரப்பந்தாட்டச் சம்மேளனம் பாரிசில் அமைக்கப்பட்டது.
1949: ஆண்களுக்கான முதலாவது உலகச் சம்பியன்ஷிப் போட்டி, பிராக் நகரில்.
1951: இலங்கைக் கரப்பந்தாட்டச் சம்மேளனம் அமைக்கப்பட்டது.
1964: டோக்கியோ ஒலிம்பிக்கில் கரப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பெண்கள் பிரிவில் ஜப்பானும் ஆண்கள் பிரிவில் சோவியத் ஒன்றியமும் தங்கம் வென்றன.
1991: கரப்பந்து இலங்கையின் தேசிய விளையாட்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

9. சுருக்கம்

வீரர்கள்: அன்று வரையறை இல்லை, இன்று 6 பேர்.
தொடுகைகள்: அன்று வரையறை இல்லை, இன்று 3.
வலையின் உயரம்: அன்று 1.98 மீ.; இன்று ஆண்கள் 2.43 மீ., பெண்கள் 2.24 மீ.
ஆடுகளம்: அன்று 15.2 × 7.6 மீ.; இன்று 18 × 9 மீ.
போட்டி: அன்று 9 இன்னிங்ஸ், இன்று ஐந்தில் மூன்று செற்றுகளை வெல்ல வேண்டும்.
புள்ளி: அன்று பணிக்கும் அணிக்கு மட்டும், இன்று பந்தை வென்ற அணிக்கு.
பணிக்கும் வாய்ப்பு: அன்று இரண்டு, இன்று ஒன்று. நடுவரின் ஊதல் கேட்டு 8 செக்கனுக்குள் பணிக்க வேண்டும்.

10. பயிற்சி வினாக்கள்

பகுதி அ: மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. கரப்பந்தாட்டத்தை உருவாக்கியவர்
(1) ஜேம்ஸ் நெய்ஸ்மித் (2) வில்லியம் ஜீ. மோர்கன் (3) றொபேட் வோல்ட்டர் கமக் (4) அல்பிரட் ஹோல்ஸ்டெட்

2. கரப்பந்து இலங்கையின் தேசிய விளையாட்டாகப் பிரகடனப்படுத்தப்பட்ட ஆண்டு
(1) 1916 (2) 1951 (3) 1964 (4) 1991

3. பணித்த பந்து வலையின் மேல்விளிம்பைத் தொட்டு எதிரணியின் களத்தினுள் விழுந்தது. நடுவரின் தீர்ப்பு
(1) மீண்டும் பணிக்க வேண்டும் (2) எதிரணிக்குப் புள்ளி (3) பணித்த அணிக்குப் புள்ளி (4) புள்ளியின்றிப் பணிக்கும் உரிமை மாறும்

4. எதிரணி அறைந்த பந்து தடுப்பவரின் கையில் பட்டு அவரது பக்கமே எழுந்தது. இனி அவரது அணி பந்தைத் தொடக்கூடிய அதிகபட்சத் தடவைகள்
(1) 1 (2) 2 (3) 3 (4) 4

பகுதி ஆ: சுருக்கமான விடை எழுதுக.

5. வட்டை அணி முதலில் பணிக்கின்றது. ஏழு பந்துகளை வென்றவர்கள் முறையே வட்டை, வாவி, வட்டை, வாவி, வாவி, வட்டை, வட்டை. பழைய முறையிலும் புதிய முறையிலும் புள்ளி நிலையைத் தருக.

6. சுழற்சி முறையால் வீரர்கள் பெறும் நன்மைகள் இரண்டு தருக.

7. "லிபரோ அறிமுகமானது உயரம் குறைந்த வீரர்களுக்கு வாய்ப்பளித்தது." விளக்குக.

விடைகள்: 1 – (2), 2 – (4), 3 – (3), 4 – (3). 5 – பழைய முறை: வட்டை 2, வாவி 1. புதிய முறை: வட்டை 4, வாவி 3. (புதிய முறையில் மொத்தப் புள்ளிகளின் கூட்டுத்தொகை ஆடிய பந்துகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும்: 4 + 3 = 7. விடையைச் சரிபார்க்க இதுவே இலகுவான வழி.) 6ஆம், 7ஆம் வினாக்களுக்கான குறிப்புகள் பகுதி 3, 5 ஆகியவற்றில் உள்ளன. உங்கள் சொந்த வசனத்தில் எழுதிப் பழகுங்கள்.

மாணவர்களே, இன்று மாலை மைதானத்துக்குப் போனால் இரண்டு வேலைகள் செய்யுங்கள். முதலாவது, உங்கள் வயதுக்காரர் ஆடும்போது 25 புள்ளி முறையிலேயே ஆடுங்கள். கை பழகியதை மனம் மறக்காது. இரண்டாவது, பழைய முறையில் ஆடும் பெரியவர்களைப் பிழை சொல்ல வேண்டாம். 15 புள்ளி ஆட்டம் 80 ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுவதும் ஆடப்பட்ட ஆட்டம். அவர்கள் அருகே உட்கார்ந்து, தங்கள் காலத்தில் எப்படிப் பணித்தார்கள், எப்படிப் புள்ளி எண்ணினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் இந்தப் பாடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த அலகு உங்களுக்கு முழுமையாக விளங்கிவிடும்.

பரீட்சை வினாத்தாளில் மட்டும் இன்றைய விதியை எழுதுங்கள். வெற்றி உங்களுடையதே!